ஜோடி 1,200 ரூபாய்: முயல் வாங்கிய கடையைப் பற்றி, பத்து மாதம் கழித்து

சென்னையின் தெற்குப் பக்கம், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒரு பெட் ஷாப். பெயரைப் போடவில்லை. போட்டால் அங்கே போகாமல் அடுத்த தெருக் கடைக்குப் போவீர்கள், அங்கேயும் இதே கூண்டு, இதே பதில்தான். அதனால் கடைக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. முயல் வாங்க நினைக்கிறவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் கேட்கவில்லை. ஐந்துக்கு இரண்டு ஸ்டார்.

அந்த இரண்டு ஸ்டார் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடை சுத்தமாக இருக்கும், நாற்றம் கிடையாது, தண்ணீர்ப் பாட்டில்கள் எப்போதும் நிரம்பியிருக்கும். உரிமையாளர் பொறுமையானவர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் குழந்தைகளிடம் எரிந்து விழாமல் பேசுவார். போன் செய்தால் எடுப்பார். இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

ஜனவரி கடைசியில் மகளின் பிறந்தநாளுக்காகப் போனோம். ஒரு கம்பிக் கூண்டில் ஏழெட்டுக் குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. "ரெண்டு மாசக் குட்டிக்கா, ரெண்டுமே பொண்ணு, மினி வெரைட்டி, இதுக்கு மேல வளராது, ஜோடியா எடுத்துக்கங்க, தனியா இருந்தா ஏங்கிப் போயிடும்" என்றார். ஜோடி 1,200 ரூபாய், கூண்டு 1,800, ஒரு பாக்கெட் கலர் கலரான தீவனம் 150. அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் உண்மை: முயல் கூட்டமாக வாழும் பிராணி, தனியாக வைத்தால் வாடும். மற்ற மூன்றும் பொய்யாகிப் போனது. தெரிந்தே சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

வயதிலிருந்து ஆரம்பிக்கலாம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் டாக்டரிடம் காட்டியபோது எடை 310 கிராம், 290 கிராம். பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், "நாலு வாரம் இருந்தா அதிகம்" என்றார். நாலு வாரக் குட்டி என்றால் தாய்ப்பாலிலிருந்து புல்லுக்கு அப்போதுதான் மாறிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் தாயிடமிருந்து பிரித்து, லாரியில் ஏற்றி, புதுத் தீவனத்தைக் கொடுத்தால் குடல் தாங்காது. முயல் வாங்கிய ஒரு வாரத்தில் கழிச்சல் கண்டு செத்துப்போனது என்று எத்தனை வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறோம், அதில் பெரும்பங்கு இதுதான். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். ஆனால் எட்டு வாரக் குட்டி கைக்குள் அடங்காது, பார்த்தவுடன் "ஐயோ" என்று தூக்கத் தோன்றாது. நாலு வாரக் குட்டிதான் விற்கும். கணக்கு அங்கேதான் இருக்கிறது.

ஒரு குட்டியின் காதுக்குள் பழுப்பு நிறத்தில் பொருக்கு பொருக்காக இருந்தது. அழுக்கு என்று நினைத்தேன், சொறிப்பூச்சி. டாக்டர் மருந்து போட்டுச் சரிசெய்தார், தானாக எதையும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள் என்று எச்சரித்தார். நாய்க்கு உண்ணி போகப் போடுகிற சில சொட்டு மருந்துகள் (ஃபிப்ரோனில் கலந்தவை) முயலைக் கொன்றுவிடும். நம் வீட்டில் காய்ச்சலுக்கு விழுங்குகிற அமாக்ஸிசிலின் மாத்திரையும் அப்படித்தான், குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை அழித்துவிடும். கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கலர் தீவனத்தையும் அன்றே நிறுத்தச் சொன்னார்.

தீவனம் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேரட்டும் முட்டைக்கோஸும் போதும் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறோம். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தேய்ப்பது புல், நாள் முழுக்க மெல்லுகிற நார்ப் புல். சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகவே இருக்க வேண்டும். இறக்குமதி செய்யும் திமோத்தி புல் பாக்கெட் மாதா மாதம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா தினமும் ஒரு கட்டு அருகம்புல் எடுத்து வைக்கிறார், சனிக்கிழமை மாம்பாக்கம் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையிலிருந்து கினியாப்புல்லும் கோ-4 புல்லும் மூட்டையாக வரும், அலசி, மொட்டை மாடியில் நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்கிறேன். கொத்தமல்லி, முள்ளங்கிக் கீரை, கொஞ்சம் முருங்கைக்கீரை. கேரட் விரல்நுனி அளவு, அதுவும் என்றைக்காவது. வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. சாப்பிடாமல் புழுக்கை போடாமல் பன்னிரண்டு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தால் அது அவசரம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகக்கூடாது.

அடுத்தது அந்த "மினி". இப்போது ஒன்று இரண்டே கால் கிலோ, இன்னொன்று இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. வளரவே வளராத முயல் என்று எதுவும் கிடையாது, வளர்ந்து முடிக்காத குட்டிதான் உண்டு. உண்மையிலேயே குட்டையான இனம் ஒன்று இருக்கிறது, நெதர்லாண்ட் டுவார்ஃப். அதே கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றைத் தனியாக வைத்து 8,000 ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குட்டை உருவம் ஒரு மரபணுவால் வருவது. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அதே மரபணு சேர்ந்து வந்துவிட்டால் அந்தக் குட்டி பிழைக்காது, மற்றவற்றில் பாதிகூட இல்லாத உடம்போடு பிறந்து சில நாளில் செத்துவிடும். குட்டை முயலையும் குட்டை முயலையும் சேர்த்தால் நாலில் ஒன்று இப்படிப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டியதுதான். வளர்ப்பவர்களுக்கு அது தெரியும், அதற்கு "வேர்க்கடலை" என்று பெயரே வைத்திருக்கிறார்கள். புள்ளி போட்ட அழகான சில இனங்களிலும் இதே கதைதான்: புள்ளி மரபணு இரண்டு பக்கமும் வந்த குட்டி கிட்டத்தட்ட முழு வெள்ளையாகப் பிறக்கும், பெருங்குடல் சரியாக வேலை செய்யாமல் வாழ்நாள் முழுக்கத் தவிக்கலாம். தொங்கும் காது லாப் முயலுக்குக் காதுக் குழாய் மடிந்து உள்ளே அழுக்கு தங்கிப் புண்ணாகும். நாம் ஆசைப்பட்டுக் கேட்கிற காதும் புள்ளியும் அந்த உடம்புக்கு என்ன விலை என்று யாரும் பலகையில் எழுதுவதில்லை.

இனி, "ரெண்டுமே பொண்ணு".

கத்தரி வெயில் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். அந்த மே மாதம் முழுக்க அவற்றைக் காப்பாற்றுவதே பெரிய பாடாக இருந்தது. முப்பது டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குச் சிரமம், அதற்கு நம்மைப் போல வியர்க்காது, சூட்டை வெளியேற்றக் காதுதான் முக்கிய வழி. தண்ணீர்ப் பாட்டிலை ஃப்ரீஸரில் உறையவைத்து, பழைய துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைப்பேன், அதன் மேல் கன்னத்தைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். ஜூன் 10 சாயங்காலம் இரண்டில் சாதுவான பழுப்பு முயல் (மகள் வைத்த பெயர் மைனா) தன் நெஞ்சு முடியைத் தானே பிய்க்க ஆரம்பித்தது. வாய் நிறைய உலர்ந்த புல்லைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு, மீசை முளைத்த மாதிரி, கூடத்துக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தது. ஏதோ தோல் நோய் என்று பயந்து கடைக்குப் போன் செய்தேன். "சூடு உடம்புக்கா, தயிர் வைங்க" என்றார். மறுநாள் காலை ஐந்தரைக்கு அலமாரியின் கீழ்த் தட்டில் பிய்த்த முடி மெத்தை மாதிரி குவிந்திருந்தது, அது லேசாக மேலும் கீழும் அசைந்தது. விலக்கினால் ரோஜா நிறத்தில், முடியில்லாமல், கண் திறக்காமல் நாலு குட்டிகள். என் கட்டைவிரல் நீளம்தான். ஒன்று பிறக்கும்போதே உயிரில்லை.

எனக்கு எதுவுமே தெரியாது. மைனா குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பால்கனியில் படுத்திருந்தது. மறுபடியும் கடைக்குத்தான் போன். "தாய் ஒதுக்கிடுச்சுக்கா, பசும்பால் சொட்டு சொட்டா குடுங்க, கை மட்டும் வைக்காதீங்க, வாசனை பிடிச்சா தின்னுடும்." நல்லவேளை, பால் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டேன். தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறைதான் பால் கொடுக்கும், அதுவும் விடியற்காலையில் நாலைந்து நிமிஷம். மற்ற நேரம் விலகியே இருக்கும், காட்டில் நரிக்கு வளையைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வந்த பழக்கம் அது. வயிற்றைப் பாருங்கள், உருண்டையாக இருந்தால் பால் குடித்திருக்கிறது என்றார். கை கழுவிவிட்டுத் தொடலாம், வீட்டு முயல் அதற்காகக் குட்டியை ஒதுக்காது. பார்த்தேன். மூன்று வயிறும் சின்னப் பலூன் மாதிரி, உள்ளே வெள்ளையாகப் பால்கூடத் தெரிந்தது. பசும்பாலை ஊற்றியிருந்தால் அன்றைக்கே புரையேறிப் போயிருக்கும்.

அதோடு முடியவில்லை. பதின்மூன்றாம் நாள் மைனாவைக் காட்டப் போனபோது டாக்டர் அடிவயிற்றை மெதுவாக உருட்டிப் பார்த்துவிட்டு, "அந்த இன்னொண்ணை எப்ப பிரிச்சீங்க?" என்றார். பிரிக்கவே இல்லை. அது ஆண் என்றே எங்களுக்குக் குட்டி பிறந்த பிறகுதான் புரிந்தது, புரிந்த பிறகும் இனி என்ன அவசரம் என்று இருந்துவிட்டோம். முயலுக்கு மாதா மாதம் பருவம் என்று கிடையாது. இணை சேர்ந்தால்தான் கருமுட்டையே வெளியே வரும், குட்டி போட்ட அதே நாளில் மறுபடி சினை பிடிக்கும். சினைக்காலம் 31 நாள். மைனாவின் வயிற்றில் அப்போதே திராட்சை திராட்சையாக அடுத்த ஈடு, அதாவது அடுத்த பிரசவத்துக் குட்டிகள். ஐந்து மாதம்தான் அதற்கு வயது. மூன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, எலும்பு தெரிய, ஜூலை 12 அன்று இன்னும் ஆறு போட்டது. அந்த ஒரு மாதத்தில் அதன் முதுகுத்தண்டைத் தடவும்போதெல்லாம் சீப்பைத் தடவுவது மாதிரி இருந்தது, எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒன்பது குட்டிகள், இரண்டு பெரியவை, 850 சதுர அடி வீடு. கடைக்கு நேரில் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் கொஞ்சமும் பதறாமல், "அட, நல்ல விஷயம்தானேக்கா! நாலு வாரம் ஆனதும் எடுத்துட்டு வாங்க, குட்டிக்கு நூறு ரூபா தரேன்" என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருந்தது, அதில் பெயர்களும் போன் நம்பர்களும் குட்டிக் கணக்கும். "இந்த ஏரியாவுல பத்துப் பதினஞ்சு வீடு எனக்குக் குடுக்குறாங்க." அந்த நிமிஷம்தான் உறைத்தது. எங்கள் குட்டிகளும் பண்ணையிலிருந்து வந்தவை இல்லை. என்னைப் போலவே ஜோடி வாங்கி, பெண் என்று நம்பி, திணறிப்போய், நாலு வாரத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்த யாரோ ஒரு வீட்டிலிருந்து வந்தவை. ஒரே கூண்டிலிருந்து எடுத்தவை என்பதால் இரண்டும் அண்ணன் தங்கையாகவே இருக்கலாம். ஜோடியாக விற்கிறார், குட்டியைத் திருப்பி வாங்குகிறார், மறுபடி ஜோடியாக விற்கிறார். அவர் வளர்ப்பதே இல்லை, நாம்தான் அவருக்காக வளர்க்கிறோம், தெரியாமல்.

தெரிந்தே சொன்னாரா என்றால், நாலு வாரத்தில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது உண்மையிலேயே கஷ்டம், டாக்டர்களே தவறலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாமே! அதைச் சொன்னால் ஜோடி விற்காது. "இருபது வருஷமா செய்யிறோம்க்கா, முயலைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா" என்றுதான் கடைசிவரை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதை நேரில் கேட்ட மாதிரி இருந்தது.

என் சித்தப்பா சேலம் பக்கம் கறிக்காக முயல் பண்ணை வைத்திருக்கிறார். கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்திலிருந்து வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சிலா என்று வாங்கிவந்து ஆரம்பித்தவர். கறிக்கு வளர்ப்பது சரியா என்பது வேறு பேச்சு, எனக்கு மனசு ஒப்பவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் பண்ணையில் ஒவ்வொரு பெண் முயல் கூண்டிலும் ஒரு அட்டை தொங்கும். எந்தத் தேதி ஆணோடு விட்டது, எந்த ஆண், எத்தனை குட்டி. பெண்ணை ஆண் கூண்டுக்குக் கொண்டுபோய் விட்டு உடனே திருப்பி எடுத்துவிடுவார், 28ஆம் நாள் குட்டிப்பெட்டி வைப்பார், ஒரே வழியில் வந்தவற்றைச் சேர்க்கவே மாட்டார். கறிக்கு வளர்க்கிற இடத்தில் இருக்கிற இந்தக் கவனம், பிள்ளை மாதிரி வளர்க்க என்று விற்கிற இடத்தில் ஏன் இல்லை? என்னால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை. இனப்பெருக்கம் செய்கிறவர் என்று ஒருவர் இருந்தால் அவரிடம் கேள்வி கேட்கலாம். இங்கே அப்படி ஒருவரே கிடையாது, யாரும் பொறுப்பில்லாமல் குட்டிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன.

குட்டிகளைக் கடைக்குக் கொடுக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் செலவானதைச் சொல்கிறேன், பயமுறுத்த இல்லை, வாங்குவதற்கு முன் தெரிந்திருக்கட்டும் என்று. ஆணுக்குக் கருத்தடை 4,500 ரூபாய், மைனாவுக்கு 8,000. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டரைத் தேடவே மூன்று கிளினிக் ஏறி இறங்கினோம். நாய்க்குச் சொல்வது போல அறுவைக்கு முன் பட்டினி போடச் சொன்னால் அந்த இடத்திலிருந்து வந்துவிடுங்கள், முயலைப் பட்டினி போடக்கூடாது. ஆணுக்குச் செய்த பிறகும் ஆறு வாரம் பிரித்தே வைத்திருந்தோம், அதுவரை சினையாக்க முடியும். பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று வீட்டிலேயே கேட்டார்கள். கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு மூன்று நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வருவது மிக சகஜம், சில இனங்களில் பாதிக்கும் மேலானவற்றுக்கு வந்திருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டிலிருந்து பத்து, பன்னிரண்டு வருடம் வாழக்கூடிய உயிர். மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. மைனா நன்றாக இருந்தால், அவள் காலேஜ் போகும்போதும் மைனா இருக்கும்.

ஒரு குட்டி ஆறாவது வாரத்தில் கழிச்சலில் போய்விட்டது. இரவு பதினொன்றுக்கு ஆட்டோ பிடித்துப் போனோம், மடியில் துண்டுக்குள் இருந்தது, வண்டி நின்றபோது துண்டு கனமாகிவிட்ட மாதிரி இருந்தது. மற்ற எட்டில் ஆறு, மூன்று வீடுகளுக்கு இரண்டிரண்டாகப் போயின, பத்து வாரம் ஆன பிறகு, டாக்டர் பார்த்து ஆண் பெண் உறுதி செய்த பிறகு. வாங்குகிறவர்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினேன்: குட்டி போட விடமாட்டோம், வைத்திருக்க முடியவில்லை என்றால் கடைக்கோ பூங்காவுக்கோ கொண்டுபோகாமல் உங்களிடமே தருவோம் என்று. பூங்காவில் விட்டால் புல் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் நிறைய. நம் ஊர்க் காட்டுமுயல் வேறு பிராணி, அது பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணுமாகப் பிறப்பது. வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து வளைமுயல். தமிழில் இரண்டுக்கும் முயல் என்றே சொல்வதால் வருகிற குழப்பம். பூங்காவில் விட்ட வீட்டு முயலுக்கு நாயும் வெயிலும் ஒரு வாரம்கூடக் கொடுக்காது.

அப்படியும் கடையில்தான் வாங்குவேன் என்றால், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2018 பெட் ஷாப் விதிகளில் முயலும் வருகிறது, விற்கிற கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, தாயைக் காட்டச் சொல்லுங்கள். குட்டியின் தாய் எங்கே இருக்கிறது, எத்தனை ஈடு போட்டிருக்கிறது, கடைசியாக எப்போது. இந்த ஒரு கேள்விக்கு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள். நான் கேட்டிருந்தால் அன்றைக்கே வெறும் கையோடு திரும்பியிருப்பேன்.

போன வாரம் அந்தக் கடைப் பக்கம் மறுபடி போனேன். குட்டிக் கூண்டுகள் இரண்டாகப் பிரிந்திருந்தன, ஒன்றில் ஆண், ஒன்றில் பெண் என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருந்தது. உருவத்தைப் பார்த்தால் குட்டிகள் இன்னும் நாலைந்து வாரம்தான், எப்படிப் பிரித்தார் என்று தெரியவில்லை. "நீங்க சொன்னதுதான்க்கா" என்றார். நோட்டு அதே இடத்தில் இருந்தது. அதனால் இரண்டு ஸ்டாரை மாற்றவில்லை.

எங்களிடம் இன்னும் இரண்டு இருக்கின்றன, இரண்டாம் ஈட்டில் வந்தவை, இரண்டும் ஆண், கருத்தடை முடிந்தது. ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளையில் பழுப்புத் திட்டு. ஒன்றையொன்று நக்கிக்கொண்டே தூங்கும், அதனால் பிரித்துத் தரமாட்டேன். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், கூண்டிலேயே அடைத்து வைக்க நினைப்பவர்கள் வேண்டாம், ஓட ஒரு அறையோ பால்கனியோ வேண்டும். பணம் எதுவும் வேண்டாம். முதல் ஒரு மாதப் புல் நான் தருகிறேன்.